கடலை இழந்த நாடும் கையெழுத்தின் வலிமையும்

ஒரு நாடு மற்றொரு நாட்டின் நிலத்தைப் படைபலத்தால் பிடிப்பதும், பிடித்த நிலம் பிடித்தவனுக்கே சொந்தம் என்று உலகம் ஒப்புக்கொள்வதும் இருவேறு செயல்கள். முதலாவது போர்க்களத்தில் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ முடிந்துவிடக்கூடும். இரண்டாவது, தோற்ற நாடு ஒப்பந்தத்தில் இடும் கையெழுத்தையும் பிற நாடுகள் தரும் அங்கீகாரத்தையும் பொறுத்தது என்பதால், பல பத்தாண்டுகள் இழுத்துக்கொண்டு போவதும், சில வேளைகளில் நிறைவேறாமலே நின்றுவிடுவதும் உண்டு. நாடு பிடித்த கதைகளை எழுதும் நூல்கள் பெரும்பாலும் முதற்செயலுக்கே பக்கங்களை ஒதுக்குகின்றன. ஆனால் தென் அமெரிக்காவின் பசிபிக் கரையில் 1879இல் மூண்ட போரையும், அதில் தன் கடற்கரை முழுவதையும் பறிகொடுத்த பொலிவியாவையும் உற்று நோக்கினால், ஒரு தேசத்தின் கதியை நூறாண்டுகளுக்கும் மேலாகக் கட்டிப்போட்டது பீரங்கியைவிடக் காகிதமே என்பது விளங்கும்.

இங்கு மூன்று சொற்களைப் பிரித்தறிவது தேவை. போரின்போது எதிரியின் நிலத்தில் படை நுழைந்து அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது ஆக்கிரமிப்பு எனப்படும். அது தற்காலிக நிலை என்றும், அங்கு நடப்பிலுள்ள சட்டங்களை ஆக்கிரமித்த படை இயன்றவரை மதிக்க வேண்டும் என்றும் 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் கூறுகின்றன. அந்த நிலம் இனித் தன் நாட்டின் பகுதியே என்று வென்றவர் அறிவிப்பது இணைப்பு. தோற்ற நாடே அந்நிலத்தை ஒப்பந்தத்தின் மூலம் எழுதிக்கொடுப்பது விட்டுக்கொடுப்பு. இம்மூன்றில் வென்ற நாடுகள் எப்போதும் நாடியது மூன்றாவதையே, ஏனெனில் எழுதிக்கொடுத்த பின்னர் திருப்பிக் கேட்க வழியில்லை.

ஐரோப்பிய சட்ட அறிஞர்கள் இதற்கு வெற்றியுரிமை என்ற கோட்பாட்டை வகுத்து வைத்திருந்தனர். டச்சு அறிஞர் ஹியூகோ குரோஷியஸ் 1625இல் வெளியிட்ட போர், அமைதி பற்றிய பெருநூல், முறைப்படி அறிவிக்கப்பட்ட போரில் ஒருவன் கைப்பற்றியது, அவன் பக்கம் நியாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாடுகளிடையே வழங்கும் சட்டப்படி அவனுக்கே உரியது என்ற முடிவுக்கு வந்தது. அரசுகளுக்கு மேலே நீதிபதி எவரும் இல்லாத உலகில், எந்தப் போர் நியாயமானது என்று மூன்றாம் நாடுகள் தீர்ப்புச் சொல்லப் புகுந்தால் சண்டை ஓயாமல் பரவும் என்பதே இதற்கு அடிப்படை. ஒரு பேரழிவைத் தடுக்கும் நோக்கில் எழுந்த இந்தக் கருத்து, காலப்போக்கில் கொள்ளையடித்தவனுக்குப் பட்டா எழுதித் தரும் ஏற்பாடாக முடிந்தது.

1879 போரின் களமான அட்டகாமா பாலைவனம் உலகின் மிக வறண்ட நிலங்களுள் ஒன்று. பயிரோ பெருநகரமோ இல்லாத அந்தப் பகுதியின் எல்லைக் கோட்டைப் பற்றி, ஸ்பானிய ஆட்சி நீங்கிய பின் உருவான குடியரசுகள் முதலில் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஐரோப்பாவின் களைத்துப்போன வயல்களுக்கு உரம் தேவைப்பட்டபோதுதான் நிலைமை மாறியது. குவானோ எனப்படும் கடற்பறவை எச்சமும், அதன் பின்னர் உரத்துக்கும் வெடிமருந்துக்கும் மூலப்பொருளான சோடியம் நைட்ரேட் எனும் வெடியுப்பும் அந்த வறண்ட மண்ணைப் பொன் விளையும் பூமியாக்கின. நிலம் பொலிவியாவுடையது; ஆனால் முதலீடு சிலி நாட்டாருடையதும் பிரிட்டிஷ் வணிகருடையதும், அண்டோஃபகாஸ்டா துறைமுகத்தில் குடியேறி உழைத்தவர்களிலும் மிகப்பெரும்பாலோர் சிலி நாட்டவர். 1866இல் ஓர் ஒப்பந்தமும் 1874இல் மற்றோர் ஒப்பந்தமும் 24ஆம் தென் அட்சக்கோட்டை எல்லையாக வகுத்தன; அந்தக் கோட்டுக்கு வடக்கே இயங்கும் சிலி நிறுவனங்கள் மீது 25 ஆண்டுகளுக்குப் புதிய வரி எதுவும் விதிக்கப்படாது என்று பொலிவியா 1874இல் உறுதியளித்தது.

1877இல் நிலநடுக்கமும் கடற்கோளும் பொலிவியாவின் கடற்கரை ஊர்களைச் சிதைத்தன. கருவூலம் வறண்டிருந்த நிலையில், பொலிவிய நாடாளுமன்றம் 1878 பிப்ரவரியில் அண்டோஃபகாஸ்டா வெடியுப்பு நிறுவனம் ஏற்றுமதி செய்யும் ஒவ்வொரு குவிண்டாலுக்கும், அதாவது அந்நாளைய அளவில் ஏறத்தாழ 46 கிலோவுக்கும், 10 சென்டாவோ வரி விதித்தது. ஒப்பந்தத்தைக் காட்டி நிறுவனம் வரி கட்ட மறுத்தது. அதிபர் இலாரியோன் தாசா அதன் உரிமத்தை ரத்து செய்து, சொத்துகளை ஏலத்துக்கு விட உத்தரவிட்டார். ஏலம் நடக்கவிருந்த 1879 பிப்ரவரி 14 அன்று சிலியின் படைவீரர்கள் அண்டோஃபகாஸ்டாவில் இறங்கி, எதிர்ப்பேதும் இன்றி நகரைக் கைப்பற்றினர். பொலிவியா தன் சொல்லை மீறியது உண்மை. ஆனால் 10 சென்டாவோ வரிக்கு ஈடாக ஒரு நாட்டின் கடற்கரை முழுவதையும் எடுத்துக்கொள்வதை எந்த நியாயத் தராசும் ஏற்காது.

மார்ச் 23 அன்று பாலைவனச் சோலையான கலாமாவில், லோவா ஆற்றைக் கடக்கும் தோப்பாதெர் பாலத்தருகே, ஏறத்தாழ 135 பொலிவியர்கள் தம்மைவிடப் பன்மடங்கு பெரிய சிலிப் படையை எதிர்த்து நின்றனர். அவர்களுள் பலர் ராணுவத்தினரே அல்லர். சரணடையச் சொன்ன படைக்கு மறுப்புக் கூறிச் சுட்டுக்கொண்டே மடிந்த எதுவார்தோ அவரோவா என்பவர் இன்று பொலிவியப் பள்ளிக்குழந்தைகள் முதலில் அறியும் வீரர். பொலிவியாவுடன் 1873இல் ரகசியக் கூட்டணி உடன்பாடு செய்திருந்த பெருவும் போருக்குள் இழுக்கப்பட்டது. சாலைகளும் நீரும் இல்லாத அந்தப் பாலைவனத்தில் படையையும் உணவையும் கொண்டுசெல்லக் கடலைத் தவிர வழியில்லை என்பதால், கடலை ஆள்பவரே நிலத்தையும் ஆளும் நிலை இருந்தது. பெருவின் ஹுவாஸ்கார் என்ற இரும்புக் கவசக் கப்பல், மிகேல் கிராவின் தலைமையில் பல மாதங்கள் சிலியின் முன்னேற்றத்தைத் தடுத்து நிறுத்தியது; அக்டோபர் 8 அன்று அங்கமோஸ் முனையருகே கிராவ் கொல்லப்பட்டுக் கப்பலும் பிடிபட்டபின் சிலியின் படைகள் விரும்பிய கரையில் இறங்க முடிந்தது. 1880 மே மாதம் தாக்னா அருகே நடந்த சண்டைக்குப் பின் பொலிவியா போர்க்களத்திலிருந்து விலகிவிட்டது. 1881 ஜனவரியில் லிமா வீழ்ந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் பெருவின் தேசிய நூலகத்திலிருந்து அள்ளிச் செல்லப்பட்ட நூல்களுள் 3,788ஐச் சிலி 2007இல் திருப்பிக் கொடுத்தது. அவை ஊர் திரும்ப ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆனது.

இங்கிருந்துதான் காகிதத்தின் கதை தொடங்குகிறது. 1883 அக்டோபரில் கையெழுத்தான அங்கோன் ஒப்பந்தத்தின்படி பெரு தன் வெடியுப்பு மாகாணமான தாராபாகாவை நிபந்தனையின்றி விட்டுக்கொடுத்தது. தாக்னா, அரிகா என்ற இரு மாகாணங்கள் 10 ஆண்டுகள் சிலியின் வசம் இருக்கும், பின்னர் அங்குள்ள மக்களிடம் பொதுவாக்கெடுப்பு நடக்கும் என்பது உடன்பாடு. அந்த வாக்கெடுப்பு கடைசிவரை நடக்கவேயில்லை. யாருக்கு வாக்குரிமை என்ற சர்ச்சையில் ஆண்டுகள் கடந்தன; இடைப்பட்ட காலத்தில் பெருவின் பள்ளிகள் மூடப்பட்டன, பெருவியப் பாதிரியார்கள் வெளியேற்றப்பட்டனர். 1925இல் அமெரிக்க நடுவர் குழு வந்து பார்த்து, நேர்மையான வாக்கெடுப்பு அங்கே சாத்தியமில்லை என்று அடுத்த ஆண்டு கைவிட்டுப் போயிற்று. இறுதியில் 1929இல் தாக்னா பெருவுக்கும் அரிகா சிலிக்கும் என்று பிரித்துக்கொண்டனர். மக்களைக் கேட்பதாகச் சொன்ன வாக்குறுதி 46 ஆண்டுகளுக்குப் பின் 60 லட்சம் டாலர் ரொக்கமாக மாறியது.

பொலிவியாவின் நிலைமை இதைவிடக் கடினமானது. 1884இல் செய்துகொண்டது வெறும் போர் நிறுத்தமே. 20 ஆண்டுகள் அந்த நிலை நீடித்தது. அந்தக் காலம் முழுவதும் பொலிவியாவின் வணிகம் சிலியின் வசமிருந்த துறைமுகங்கள் வழியாகவே நடக்க வேண்டியிருந்தது, சுங்க வருவாயின் ஒரு பகுதியும் சிலியிடமே சென்றது. 1900 ஆகஸ்டில் சிலியின் தூதர் ஆப்ரகாம் கோனிக் பொலிவிய அரசுக்கு அனுப்பிய குறிப்பு, மழுப்பல் எதுவுமின்றி உள்ளதை உள்ளபடி சொன்னது: தங்கள் உரிமை வெற்றியிலிருந்து பிறந்தது, வெற்றியே நாடுகளுக்கு மேலான சட்டம், அந்தக் கடற்கரை மதிப்புள்ளது என்பதாலேயே அதை வைத்துக்கொள்கிறோம் என்பது அதன் சாரம். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1904 அக்டோபர் 20 அன்று, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் கடற்கரையும் 1,20,000 சதுர கிலோமீட்டர் நிலமும் முழுமையாகவும் நிரந்தரமாகவும் சிலிக்குச் சொந்தம் என்று பொலிவியா எழுதிக்கொடுத்தது. பதிலுக்கு 3,00,000 பவுண்டு பணமும், அரிகாவிலிருந்து லா பாஸுக்கு ஒரு ரயில் பாதையும், சிலியின் துறைமுகங்கள் வழியாகச் சரக்குகளைக் கொண்டுசெல்லும் நிரந்தர உரிமையும் கிடைத்தன. போர் ஓய்ந்து 20 ஆண்டுகள் கழிந்தபின், இரு நாடாளுமன்றங்களும் ஏற்ற ஒப்பந்தம் அது என்பது சிலியின் வாதம். சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் அந்த வாதம் வலுவானதே. தொண்டையில் கை வைத்திருப்பவரிடம் 20 ஆண்டுகள் பேசியபின் பெற்ற இசைவை இசைவு என்று கருதலாமா என்ற கேள்வியை அக்காலச் சட்டம் கேட்டதில்லை.

வெற்றியால் சிலி அடைந்த பலனும் அந்நாட்டு மக்கள் நினைத்தபடி அமையவில்லை. அரசின் வருவாயில் ஏறத்தாழப் பாதி வெடியுப்பு ஏற்றுமதித் தீர்வையிலிருந்து வந்தது உண்மை. ஆனால் போர்க்காலத்தில் சுரங்கப் பத்திரங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கிக் குவித்த ஜான் தாமஸ் நார்த் போன்ற ஆங்கிலேய வணிகர்களே அந்தத் தொழிலின் பெரும் பகுதியை ஆண்டனர். காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து உரம் செய்யும் முறையை ஜெர்மானிய வேதியியலாளர்கள் கண்டறிந்தபின், முதல் உலகப்போருக்கு அடுத்த ஆண்டுகளில் வெடியுப்பின் காலமே முடிந்தது. பெருவிடமிருந்து பிடித்த தாராபாகாவில் ஹம்பர்ஸ்டோன் என்ற சுரங்க ஊர் இன்று ஆளற்றுக் கிடக்கிறது: மர நாற்காலிகள் வரிசையிட்ட நாடக அரங்கு, கடலில் உடைந்த கப்பலின் இரும்புத் தகடுகளைக் கொண்டு கட்டிய நீச்சல் குளம், துருவேறிய இயந்திரங்கள் ஆகியவற்றோடு 2005 முதல் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். ஆனால் பொலிவியா இழந்த மண்ணுக்கு அடியில் வேறொன்று இருந்தது. கலாமாவுக்கு அருகிலுள்ள சுக்கிகமாட்டா செப்புச் சுரங்கம், இன்றைய மின்கலங்களுக்கான லித்தியம் எடுக்கப்படும் அட்டகாமா உப்புப் படுகை ஆகிய இரண்டும் இன்றைய அண்டோஃபகாஸ்டா மாகாணத்தில்தான் உள்ளன. படையெடுத்த தலைமுறை கணக்கிலேயே கொள்ளாத செல்வம் இது.

1904இன் கையெழுத்துக்கு மேலே 1929இல் இன்னொரு பூட்டு விழுந்தது. தாக்னாவையும் அரிகாவையும் பிரித்துக்கொண்டபோது சிலியும் பெருவும் துணை உடன்பாடு ஒன்றைச் செய்துகொண்டன. அந்நிலத்தின் எந்தப் பகுதியையும் மற்றவரின் சம்மதமின்றி மூன்றாம் நாட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பது அதன் விதி. அந்த மூன்றாம் நாடு எது என்று பெயர் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. 1975இல் சிலியின் ஆட்சியாளர் பினோசேயும் பொலிவியாவின் ஆட்சியாளர் பான்செரும் எல்லை ரயில் நிலையமான சாரான்யாவில் சந்தித்து, அரிகாவுக்கு வடக்கே ஒரு குறுகிய நிலப்பட்டையைப் பொலிவியாவுக்குத் தருவது பற்றிப் பேசினர். ஈடாக அதே அளவு நிலத்தைச் சிலி கேட்டது. பெருவோ மூன்று நாடுகளும் சேர்ந்தாளும் பகுதி ஒன்றை முன்மொழிந்தது. பேச்சு முறிந்து, 1978இல் பொலிவியா தூதரக உறவைத் துண்டித்துக்கொண்டது.

கடல் இல்லாத பொலிவியாவுக்கு இன்றும் கடற்படை உண்டு. கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டர் உயரத்தில் உள்ள டிட்டிகாக்கா ஏரியிலும் அமேசான் படுகையின் ஆறுகளிலும் அந்தப் படை பயிற்சி பெறுகிறது. ஆண்டுதோறும் மார்ச் 23 கடல் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. லா பாஸ் நகரில் அவரோவாவின் பெயர் தாங்கிய சதுக்கத்தில் அணிவகுப்பு நடக்கிறது. 2009இன் அரசியலமைப்பு, பசிபிக் கடலை அடையும் உரிமை விட்டுக்கொடுக்க முடியாதது என்று எழுதியது. 2013இல் பொலிவியா ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தை நாடியபோது, 1904 ஒப்பந்தம் செல்லாது என்று வாதிட முடியாது என்பதை அதன் வழக்கறிஞர்கள் அறிந்திருந்தனர். ஆகவே, பேசித் தீர்க்கிறோம் என்று சிலி பலமுறை சொன்ன சொல்லே ஒரு கடமையை உருவாக்கிவிட்டது என்ற வேறு வழியில் சென்றனர். 2018 மார்ச்சில் பொலிவிய மக்கள் நெடுஞ்சாலையோரமாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளத்துக்கு நீலக் கொடியை விரித்துப் பிடித்து நின்றனர். அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று, பேச்சு நடத்தச் சிலிக்குச் சட்டக் கடமை ஏதும் இல்லை என்று 12க்கு 3 என்ற கணக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த வழக்கு ஏன் இப்படி முடிந்தது என்பதை அறிய, இடையில் உலகச் சட்டம் மாறிய விதத்தைப் பார்க்க வேண்டும். 1928 ஆகஸ்ட் 27 அன்று பாரிஸில் கையெழுத்தான கெல்லாக்-பிரியாண்ட் உடன்படிக்கை, போரை நாட்டுக் கொள்கையின் கருவியாகக் கொள்வதைக் கைவிடுவதாக அறிவித்தது. போர் உரிமையாக இருந்தவரை அதன் விளைச்சலும் உரிமையாக இருந்தது. போரே தவறானால் அதனால் கிடைத்த நிலமும் செல்லாது என்பது அதிலிருந்து இயல்பாக எழும் முடிவு. ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்தபோது, 1932 ஜனவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சன் அம்முடிவை அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று, சாக்கோ சமவெளிக்காகப் பொலிவியாவும் பராகுவேயும் மோதத் தொடங்கியிருந்த வேளையில், மற்ற 19 அமெரிக்கக் குடியரசுகள் ஒன்றுகூடி, ஆயுத வலிமையால் பெற்ற நிலத்தை அங்கீகரிக்க மாட்டோம் என்று அறிவித்தன. அந்த 19இல் சிலியும் ஒன்று. 1935இல் சண்டை ஓய்ந்து 1938இல் உடன்பாடு கையெழுத்தானபோது சாக்கோவின் பெரும்பகுதி பராகுவேயிடமே போயிற்று. பொலிவியா மீண்டும் நிலத்தை இழந்தது.

பின்னர் 1945இன் ஐ.நா. சாசனம் பிற நாட்டின் நில ஒருமைப்பாட்டுக்கு எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. ஒப்பந்தங்கள் பற்றிய 1969ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, சாசனத்துக்கு மாறாகப் படைபலத்தாலோ அதன் அச்சுறுத்தலாலோ பெற்ற ஒப்பந்தம் செல்லாது என்றது. ஆயினும் ஒரு செயலை அது நடந்த காலத்துச் சட்டத்தைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் பின்பற்றும் நெறி. அந்த நெறி இல்லாவிட்டால் உலகின் எல்லைக் கோடுகளில் பாதி ஆட்டம் காணும். 1904இன் ஒப்பந்தம் இந்தச் சட்ட மாற்றத்துக்கு முந்தையது. அரை நூற்றாண்டு தாமதமாக அந்தப் போர் நடந்திருந்தால் பொலிவியாவின் வழக்கு வேறாக இருந்திருக்கும்.

அங்கீகரிக்க மறுப்பது கையாலாகாதவர்களின் ஆறுதல் என்று சொல்வோர் உண்டு. வரலாறு அவர்கள் பக்கம் முழுமையாக இல்லை. எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா ஆகிய மூன்றையும் சோவியத் ஒன்றியம் 1940இல் இணைத்துக்கொண்டது. அந்த இணைப்பை அமெரிக்கா ஒருநாளும் ஏற்கவில்லை. 51 ஆண்டுகள் கழித்து அம்மூன்றும் பிரிந்த மாகாணங்களாக அல்ல, மீண்ட நாடுகளாக எழுந்தன. இந்தோனேசியா 1976இல் இணைத்த கிழக்குத் தைமூரை ஐ.நா. ஏற்காததால், 1999இல் அங்கே வாக்கெடுப்பு நடத்தச் சட்ட வழி திறந்திருந்தது. குவைத்தை ஈராக் இணைத்ததாக அறிவித்த மறுநாளே, 1990 ஆகஸ்ட் 9 அன்று, அந்த இணைப்பு செல்லாது என்று ஐ.நா. பாதுகாப்பு அவை ஒருமனதாகத் தீர்மானித்தது. இதற்கு மாறான திசையிலும் நிகழ்வுகள் உள்ளன: கோலான் குன்றுகளை இஸ்ரேல் தன் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது செல்லாது என்று 1981இல் அதே அவை தீர்மானித்திருக்க, 2019இல் அமெரிக்கா அதை அங்கீகரித்தது. வெற்றியுரிமைக்கு 1932இல் முதலில் கதவடைத்த நாடே அந்தக் கதவைத் திறந்துவிட்டது என்பது சிறிய செய்தி அன்று.

இந்தியா 1961 டிசம்பரில் கோவாவைப் படை அனுப்பி விடுவித்ததையும் இங்கே மறைக்க வேண்டியதில்லை. குடியேற்ற ஆட்சியே தொடர்ந்து நடக்கும் ஆக்கிரமிப்பு என்பது இந்தியாவின் வாதம். மக்களுக்கு ஒருபோதும் உரிமை தராத அயல் ஆட்சியை நீக்குவதும், அண்டை நாட்டின் நிலத்தைப் பறிப்பதும் ஒன்றல்ல என்பதால் அந்த வாதத்துக்கு வலு உண்டு. ஆயினும் அங்கேயும் ஒரு காகிதம் தேவைப்பட்டது: 1974இன் இறுதியில் போர்த்துக்கல் கையெழுத்திட்டு ஏற்றபோதுதான் சர்ச்சை முறைப்படி முடிந்தது.

2014இல் கிரிமியாவையும், 2022 செப்டம்பரில் உக்ரைனின் மேலும் நான்கு மாகாணங்களையும் தன்னுடன் இணைத்துக்கொண்டதாக ரஷ்யா அறிவித்தது. வாக்கெடுப்பு என்ற பெயரில் அங்கே நடந்தவை படையின் நிழலில் நடந்தவை. 2014இல் 100 நாடுகளும் 2022இல் 143 நாடுகளும் ஐ.நா. பொதுச்சபையில் அந்த இணைப்புகளை ஏற்க மறுத்து வாக்களித்தன. தன் கடற்கரையைப் படைபலத்தால் இழந்து, அந்த இழப்பைத் தன் அரசியலமைப்பிலேயே பொறித்து வைத்திருக்கும் பொலிவியா முதல் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தது, இரண்டாவதில் ஒதுங்கி நின்றது. 2022 அக்டோபர் 12 அன்று ஒதுங்கி நின்ற 35 நாடுகளில் இந்தியாவும் இலங்கையும் இருந்தன. இரு அரசுகளும் நில ஒருமைப்பாட்டை மதிப்பதாகப் பல மேடைகளில் சொல்லிவருகின்றன. தம் எல்லைக்குள் பிறர் கால் வைப்பதை ஒருபோதும் ஏற்க மாட்டோம் என்றும் சொல்கின்றன. அந்த 35இல் அவை இருந்திருக்கக் கூடாது. அதே கேள்வி அடுத்தமுறை வாக்குக்கு வரும்போது, டெல்லியும் கொழும்பும் இணைப்பை மறுக்கும் பக்கத்தில் கையுயர்த்த வேண்டும்.